குபாத்துக்கு வந்த அழைப்புகள்

என் தம்பி குபாத்தைக் கொன்ற சண்டை அவனுடையது அல்ல. எங்கள் ஊர் கோச்கோருக்கும் ஏரிக்கரை ஊரான பாலிக்சிக்கும் நடுவே வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பாலிக்சி வேன் நிறுத்தத்தில் ஆள் சேரட்டும் என்று காத்திருந்தபோது, பக்கத்தில் இரண்டு இளவட்டங்கள் குடித்துவிட்டு ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டார்கள். இவன் இறங்கிப்போய் விலக்கிவிட்டான். ஒருவன் கையில் கத்தி இருந்தது யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான்.

நான் அப்போது தலைநகர் பிஷ்கெக்கில், தையல் கூடத்தில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். குபாத்தின் சிநேகிதன் நுர்காசிதான் கூப்பிட்டான். அவனும் வேன் ஓட்டுகிறவன்.

"உல்கான் எஜே, உடனே கிளம்பி வாங்க."

அக்கா என்று கூப்பிடுகிற அந்த 'எஜே'யிலேயே அவன் குரல் உடைந்துவிட்டது.

"எதுக்குடா? என்ன ஆச்சு?"

"வாங்க எஜே."

எங்கள் பக்கத்தில் சாவை வாயால் சொல்ல மாட்டார்கள். வா என்று மட்டும் சொல்வார்கள். ஊசியைத் துணியிலேயே குத்தி விட்டுவிட்டு எழுந்தேன்.

பிஷ்கெக்கிலிருந்து கோச்கோர் போக பாலிக்சியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நடந்தது அங்கேதான் என்று வழியில் போனில் தெரிந்துவிட்டது; அந்த நிறுத்தம் வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கருவாடும் புகைமீனும் விற்கிற பெண்களின் சத்தம் மட்டும் காதில் விழுந்தது. யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது.

வீட்டு வாசலில் கம்பளிக் கூடாரம் போட்டுவிட்டார்கள். ஆண்கள் வெளியே இடுப்பில் கைவைத்து நின்று, "என் தம்பியே, என் தோழனே" என்று குரல் கொடுத்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் தெருமுனையிலேயே அலறத் தொடங்கினேன். உள்ளே பெண்கள் கூடாரத்துச் சுவரைப் பார்த்து, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குபாத்தின் மனைவி பெரிஸாத். கறுப்புத் துணி தலையில். அவளிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

கணவனை இழந்தவள் ஒப்பாரி சொல்லி அழ வேண்டும். அவன் எப்படிப்பட்டவன், எப்படி வாழ்ந்தான், தன்னை எப்படி வைத்திருந்தான் என்று பாட்டாகவே சொல்ல வேண்டும். வருகிறவர்கள் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள். பெரிஸாத் வாயைத் திறக்கவே இல்லை.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு," என்று பின்னால் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னது எனக்கே கேட்டது. "அவ எப்பவுமே அப்படித்தான். புருஷன் செத்தா மட்டும் வந்துருமா?"

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனதே கிடையாது. நான் ஊருக்கே கேட்கிறமாதிரி பேசுகிறவள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரையைக் கொடுக்கிறமாதிரி வார்த்தையை அளந்துதான் கொடுப்பாள். "உன் பொண்டாட்டி வாயில பூட்டா போட்டிருக்க? சாவிய எங்கடா வச்ச?" என்று குபாத்திடம் நக்கல் அடிப்பேன். "நீ ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசற எஜே. அவளும் ஆரம்பிச்சா நான் எங்க போறது?" என்பான்.

அன்றைக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அழுதேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, முதலில் என் குரலில் எடுத்தேன்.

"சின்னச் சட்டை தச்ச கையி, தம்பி, கடைசித் துணி தைக்கலாமா..."

அடுத்து, குரலைத் தணித்து, அவளுடையதை எடுத்தேன்.

"சாயங்காலம் வாரேன்னு சாவி எடுத்துப் போனவரே, ஊத்தி வச்ச தேத்தண்ணி ஆறிப் போச்சே, ஊரு வந்து நிக்குதே..."

பின்னால் வந்து நின்றவர்களுக்குத் தெரிந்தது முதுகுகள்தான். எந்த வாய் அழுகிறது என்று யார் பார்த்தார்கள்? புதிதாக வந்த பெண்கள் பெரிஸாத்தின் தோளைத் தடவி, "பாவம், எப்படி உருகுறா பாரு," என்றார்கள். எனக்குத் தொண்டை கிழிந்தது. ஒரு கட்டத்தில் என் பாவாடை ஓரம் இழுபட்டது. குனிந்து பார்த்தேன். பெரிஸாத் அதைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள், கூட்டத்தில் குழந்தை பிடிப்பதுபோல. அப்போதுதான் முதல்முறையாக அவள்மேல் எனக்கு ஏதோ வந்தது. பாசம் என்று சொல்ல மாட்டேன், அதற்கு முந்தையது.

அடக்கம் முடிந்து, கூடாரத்தைப் பிரித்து, சொந்தங்கள் போய்விட்டார்கள். நானும் போகவேண்டியவள்தான். தையல் கூடத்து முதலாளி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் பெரிஸாத் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு அது தீய்ந்துபோகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்களுடைய மகள் சேஸிம் பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை போட்டுப் போகிறவள். ஒரு பக்கம் பின்னி மறுபக்கம் அவிழ்ந்து தொங்க வந்து நின்றாள். அவள் சடையைப் போட்டு முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன். அப்படியே தங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை தோறும் எண்ணெய் காயவைத்து மாவு உருண்டை பொரிப்போம். அந்த வாசனை செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் வழக்கம். நான் பொரிப்பேன், பெரிஸாத் கதவைத் திறந்துவைப்பாள். பேச்சு கிடையாது.

வீட்டில் பேசியது ஒன்றுதான், குபாத்தின் போன்.

அந்தப் போனை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். பெரிஸாத் அதைத் தினமும் சார்ஜ் போட்டு ஜன்னல் ஓரத்தில் வைப்பாள். கோச்கோரில் பாதிப் பேரிடம் அந்த எண் இருந்தது. சேதி தெரியாத வெளியூர்க்காரர்களும், மலை மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பியவர்களும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "குபாத் பைக்கே" என்று பெரிய அண்ணனைக் கூப்பிடுவதுபோல மரியாதையாகக் கூப்பிட்டு, நாளைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்கத்தான். அவள் எடுக்கமாட்டாள். அடித்து ஓயும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

"அணைச்சு வை கெலின்," என்றேன் ஒருநாள். எங்கள் வீட்டுக்கு வந்த மருமகளை நாங்கள் கெலின் என்றுதான் கூப்பிடுவோம். "அடிக்க அடிக்க எனக்கு நெஞ்சு பதறுது."

"வேணாம் எஜே."

"எதுக்கு வேணாம்? அவனா பேசப் போறான்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவர கூப்பிடறாங்கல்ல," என்றாள். "கூப்பிடட்டும்."

அன்றைக்கு இரவு அதை நானே சார்ஜில் போட்டேன்.

கோடை தொடங்கிய ஒரு மத்தியானம். நான் நூடுல்ஸுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன், பெரிஸாத் தோட்டத்தில் இருந்தாள். போன் அடித்தது. சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் சேஸிம் காதில் வைத்திருக்கிறாள்.

"அப்பா இல்ல," என்றாள். "இல்ல, வரமாட்டாரு. அவர கத்தியால குத்திட்டாங்க. செத்துட்டாரு."

மாவுக் கையோடு ஓடினேன். வாசலில் பெரிஸாத்தும் கையில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். அந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையை அதுவரை உரக்கச் சொன்னதில்லை. ஒப்பாரியில்கூட 'போனான்' என்றுதான் சொன்னேன்.

"அவங்க அழறாங்க," என்று சேஸிம் போனைக் காதிலிருந்து எடுத்து எங்களைப் பார்த்தாள். "நான் என்ன செய்யணும்?"

பெரிஸாத் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து போனை வாங்கினாள். "நான் அவர் வீட்டுக்காரி. சொல்லுங்க," என்றாள்.

கூப்பிட்டது நரின் ஊர்ப் பக்கத்து டீச்சரம்மா ஒருத்தி. வண்டி வளைவில் திரும்பினால் அவளுக்குக் குமட்டும். அணைக்கட்டு ஏரிக்கு மேலே ஓர் இடத்தில் வழக்கமாக வாந்தி வந்துவிடும். குபாத் அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்தி, "டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துட்டு வரேன்," என்று இறங்குவானாம். எல்லோரும் காலாற இறங்குவார்கள். இவள் ஒதுங்கிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறும்வரை அவன் டயரைத் தட்டிக்கொண்டே இருப்பானாம். ஒருமுறைகூட அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்.

பெரிஸாத் போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "உங்களுக்குத் தெரியுமா இது?"

"எனக்கெப்படித் தெரியும்? உனக்கு?"

"எனக்கும் சொன்னதில்ல."

அன்றிலிருந்து அவளே எடுத்தாள். மருந்துக்கடையிலிருந்து வந்தவுடன் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். முதலில் நடந்ததைச் சொல்வாள். ஒரே மாதிரி, நிதானமாக, மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்வதுபோல. அப்புறம் கேட்டுக்கொண்டிருப்பாள். சிலர் திகைத்து உடனே வைத்துவிடுவார்கள். பலர் வைக்க மாட்டார்கள். அவன் பாட்டைச் சுருதி இல்லாமல் பாடினானாம். பட்டாளத்துக்குப் போகிற பையனின் அம்மாவை வண்டி மறையும்வரை கையசைக்கவிட்டு, வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினானாம். பெரிஸாத் ஒவ்வொன்றையும் எனக்கும் சேஸிமுக்கும் திரும்பச் சொல்வாள். சொல்லச் சொல்ல அவள் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது.

ஒருநாள் கூப்பிட்டவன் நல்லதாக எதுவும் சொல்லவில்லை. "செத்துட்டாரா? அல்லா பொறுத்துக்கட்டும். ஆனா அந்த ஆள் ஒரு தடவ என்ன பனியில நடுரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போனாரும்மா. வண்டில சிகரெட்டு பத்த வச்சேன்னு! என் காது ரெண்டும் மரத்துப் போச்சு. அப்பவும் பாவி, கொஞ்ச தூரம் போயி நின்னு, ஜன்னல் வழியா தொப்பிய வீசிட்டுப் போனாரு. அவர் தொப்பி! இன்னும் அதத்தான் போட்டுட்டிருக்கேன்."

பெரிஸாத் சிரித்தாள். அவன் செத்தபிறகு முதல் சிரிப்பு. "அந்தத் தொப்பிய தொலச்சிட்டேன்னு எங்கிட்ட சாதிச்சாரு," என்றாள் போனில். "நான் எவ்வளவு திட்டுனேன் தெரியுமா?" சிரித்துக்கொண்டே இருந்தவள் போனை மடியில் வைத்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. வயிற்றிலிருந்து வந்தது அது. நான் கூடாரத்தில் பாடிய எந்த வரியும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. சேஸிமும் நானும் அவளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். மடியில் கிடந்த போனில் அந்த ஆள், "அம்மா? அம்மா? நான் தப்பா எதுவும் சொல்லிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அழுகைக்குப் பின்னால் கோபம் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

கோடையில் வீட்டுக் கம்பளி விரிப்புகளை வெளியே எடுத்துப்போட்டு அடித்துத் தூசி போக்குவோம். இரண்டு பேரும் ஆளுக்கொரு குச்சியோடு வேலியில் தொங்கிய விரிப்பின் இருபக்கமும் நின்று அடித்துக்கொண்டிருந்தோம். பெரிஸாத்தின் அடி வரவர வேகமானது.

"இவரை யாரு கூப்பிட்டா?" என்றாள் திடீரென்று. ஓர் அடி. "யாரு கூப்பிட்டா நடுவுல? அவனுங்க யாரு இவருக்கு? மாமனா மச்சானா?"

"கெலின்..."

"டயர பாக்கறேன்னு எறங்கினாரு, சரி. தொப்பிய குடுத்தாரு, சரி. இதுக்கும் எறங்கணுமா? வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கக்கூடாதா? கதவ சாத்திட்டு, பாட்டப் போட்டுட்டு? எல்லாரும் அப்படித்தான் உக்காந்திருந்தாங்க!"

நான் சமாதானம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. "சின்ன வயசுலயும் இதே பொழப்பு!" என்று கத்தினேன். "எங்க ரெண்டு நாய் சண்ட போட்டாலும் நடுவுல போய் நிப்பான். மூக்கு ஒடஞ்சு வருவான். இனிமே போகமாட்டேன் எஜேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணுவான். பொய்யன்!"

"பொய்யர்!" என்றாள் அவளும்.

அடித்தோம். தூசி மேகமாக எழும்பி எங்கள் இருவரையும் மூடியது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, "என்ன ஆச்சு, ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆமா, போ உள்ள!" என்றேன். புருவத்திலெல்லாம் கம்பளித் தூசியோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விரிப்பு அன்றைக்கு ஓர் ஓரத்தில் கிழிந்துபோனது. பிறகு நான்தான் தைத்தேன்.

இலையுதிர் காலத்தில் நுர்காசி ஓர் ஆளை அழைத்துக்கொண்டு வந்தான், முற்றத்தில் நின்ற வேனை விலைக்குக் கேட்க. "நிக்க நிக்க வண்டி வீணாப் போகும் பெரிஸாத். வித்துரு. நல்ல ஆளுதான் இவரு."

"விக்கல," என்றாள் அவள். "நான் ஓட்டப் போறேன்."

நுர்காசி என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவளுக்கு ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் வைக்கோல் காட்டில் குபாத் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் வாங்கிக் கொடுத்திருந்தான். ஆனால் ஆள் ஏற்றி மலைப்பாதையில் ஓட்டுவது வேறு. "மருந்துக்கட வேல என்ன ஆகும்?" என்றேன். "மாத்திரைய விட்டுட்டு ஸ்டீரிங்க புடிக்கறியா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கூப்பிடறவங்ககிட்ட இல்ல இல்லன்னு எவ்வளவு நாள் சொல்றது எஜே? இடம் இருக்குன்னு சொல்லிப் பாக்கறேன்."

நுர்காசி சலித்துக்கொண்டாலும் நல்லவன். வேண்டிய காகிதங்களையெல்லாம் அவனே அலைந்து வாங்கிவந்தான். ஒரு மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளைப் பழக்கினான். முதல் நாள் நிறுத்தத்தில் ஆள் கூப்பிடுகிற வேலை என்னுடையது. "பாலிக்சி! பாலிக்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. ஒரு பெரியவர் கதவைத் திறந்து, ஸ்டீரிங்கில் பெண்ணைப் பார்த்து, திரும்பச் சாத்திவிட்டுப் போய் அடுத்த வண்டியில் ஏறினார். அது கிளம்பவில்லை, பேட்டரி போயிருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்களிடமே வந்தார். "வாங்க பைக்கே," என்றேன், "பயமா இருந்தா கண்ண மூடிக்குங்க."

பெரிஸாத் மெதுவாக, கவனமாக ஓட்டினாள். பாலிக்சி வந்தது. இந்தமுறை நான் கண்ணை மூடவில்லை. ஆட்கள் இறங்கிப்போனார்கள். பெரிஸாத் மட்டும் இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை அவளுக்கு.

"எந்த இடம்னு தெரியல எஜே," என்றாள். "கால வச்சா அங்கதான் வைப்பேனோன்னு இருக்கு."

எனக்கும் தெரியாது. நான் இறங்கிப்போய் மீன்காரிகளிடம் கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு ஸீனா என்கிற ரஷ்யப் பெண்ணைக் காட்டினார்கள். பருத்த உடம்பு, மீன் எண்ணெய் படிந்த ஏப்ரன். குபாத்தின் வெள்ளை வேனைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. நேரே போய் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். எங்கள் பாஷையை உடைத்து உடைத்துப் பேசினாள்.

"நீ பொண்டாட்டி. நான் காத்துக்கிட்டு இருந்தேன், நீ வருவேன்னு. அவர் தனியா இல்ல. நான் இருந்தேன். தல என் மடியில இருந்துச்சு."

பெரிஸாத் அவளையே பார்த்தாள்.

"குளுருதுன்னாரு. சால்வைய போத்தினேன். ஆம்புலன்ஸ் வரல, வரல. என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. பிரார்த்தன உங்களோடது தெரியாது, எங்களோடது சொல்ல பயம். அதனால மீன பத்திப் பேசினேன். இன்னைக்கு நல்ல மீனு வந்திருக்கு, எழுந்திரு, உனக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன், வீட்டுக்குக் கொண்டு போன்னு."

"அவர் எதுவும் சொன்னாரா?" என்று பெரிஸாத் கேட்டாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சொன்னாரு. 'போன தடவ குடுத்த மீனு ஒரே உப்பு ஸீனா'ன்னாரு. அதான். அப்புறம் பேசல. ஆனா கை இருந்துச்சு, என் கையில. கடைசி வரைக்கும்."

இத்தனை மாதமும் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்: வேற்றூர்த் தரையில், தெரியாத கால்களுக்கு நடுவில், தனியாகக் கிடந்தான் என்பது. பெரிஸாத் கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து, மீன் வாசனை அடித்த அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். கோடைமுழுவதும் ஊரில் அதட்டிப் பேசிக்கொண்டிருந்த நான் அங்கே நடுநிறுத்தத்தில், ஒரு வரி ஒப்பாரிகூட வராமல், சின்னப்பிள்ளைபோல மூக்கொழுக அழுதேன். இரண்டு மீன்காரிகள் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு என்னை உட்காரவைத்தார்கள்.

அப்புறம் பெரிஸாத் இறங்கினாள். ஸீனா அந்த இடத்தைக் காட்டினாள். சாதாரணத் தார்த்தரை. ஒரு வேன் அதன்மேல்தான் நின்றிருந்தது. நாங்கள் இரண்டு கையையும் ஏந்தி அவனுக்காக ஓதினோம். ஸீனா அவள் வழியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

குத்தியவனுக்குத் தண்டனை கொடுத்தார்கள். ஒருமுறை அவனுடைய அம்மா எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். பெரிஸாத் அவளுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள், உள்ளே கூப்பிடவில்லை. குடித்துவிட்டுக் கிண்ணத்தை வாயிற்படியில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை.

நான் தையல் மெஷினைக் கோச்கோருக்கே கொண்டுவந்துவிட்டேன். இங்கேயும் பிள்ளைகள் சீருடை போடத்தான் செய்கிறார்கள். பெரிஸாத் காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை ஓட்டுகிறாள். சில நாள் அவள் எழுந்திருக்கவே மாட்டாள்; அன்றைக்கு நான் ஆட்களுக்கு வண்டி இல்லை என்று சொல்லிவிடுவேன். சில நாள் எனக்கு அப்படி ஆகும். அவள் சேஸிமை அழைத்துக்கொண்டு போய்விட்டு, என் தலைமாட்டில் ரொட்டியும் வெண்ணெயும் மூடிவைத்திருப்பாள். நேற்று வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு சதகுப்பைக் கீரை போடுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. நான் போடக்கூடாது என்றேன். அவள் போட்டுவிட்டாள். சாப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.